கடலுக்கு முதுகு காட்டி எடுத்த படங்கள்

சந்தை முடிந்து காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் பேருந்தில் போன வாரம் ஓர் அம்மா கருவாட்டு மூட்டையோடு ஏறினார், அக்கா. ஏறியதுமே வண்டி முழுக்க வாசனை. முன் இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “இதப் பின்னால கொண்டு போயி வைம்மா, வண்டில மனுசங்க வர வேணாமா?” என்று நடத்துனர் சத்தம் போட்டார். அந்த அம்மா அசையவில்லை. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மூட்டையை என் காலடியில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அதற்குப் பிறகு நான் நினைக்காமலேயே என் வாய் கேட்டுவிட்டது.

“எந்த ஊருக் கருவாடுங்க இது?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் கேக்குற?”

“சும்மாதாங்க.”

“சும்மா யாரு கேப்பா?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டேன். வாய் என்னுடையது, கேள்வி உங்களுடையது. நீங்கள் இருந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டீர்கள். எந்தக் கடல், யார் காயவைத்தது, மணலிலா தரையிலா, எத்தனை நாள் ஆச்சு என்று தர்மபுரி வரும்வரை விசாரித்திருப்பீர்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விற்கிறவரையும் ஒடித்துப் பார்க்கிற ஒருவரை நான் உங்களிடம்தான் கண்டேன்.

பாப்பாரப்பட்டிப் பள்ளியில் ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் நாம். நீங்கள் கணக்கு, நான் தமிழ். வீட்டுக்காரர் இறந்த பிறகு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அதியமான்கோட்டை வீட்டில் தனியாக இருந்தீர்கள். பக்கத்துத் தெருவில் உங்கள் தம்பி குடும்பம். தம்பிக்கு மனைத் தொழில். நெடுஞ்சாலை ஓரத்தில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனை பிரித்து விற்பவர். பள்ளி வாசலில் உங்களை வண்டியில் இறக்கிவிட்டுப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து, “அக்காவப் பாத்துக்கங்க டீச்சர்” என்பார். தங்கமான பிள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படி இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடலுக்குப் போகலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தது நான்தான். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனபோது சென்னையில் கடலைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் தலைகளைத்தான். எந்தத் தலை அலைக்குள் போகிறது என்ற பயத்தில் கடலைப் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னபோது நீங்கள் விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “மே மாசம் போலாம். நாம ரெண்டு பேரும் மட்டும்” என்றீர்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி பாக்கணும்னா ஒகேனக்கல் இருக்குது. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். ரெண்டு பொம்பளைங்க மட்டும் அவ்வளவு தூரம் என்னாத்துக்கு?” என்றார். என் மாமியார் அதற்குப் பிறகு நான் செல்பேசியை எடுக்கும்போதெல்லாம் யாரிடம் பேசுகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஊரில் சந்தேகப்படுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். கடல் என்று சொன்னதும் எல்லாரும் உங்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

தங்குமிடம் தேடியது மதிய உணவு இடைவேளைகளில். சாப்பாட்டு டப்பாவை மூடியதும் உங்கள் செல்பேசி மேசை நடுவே வரும். நான் அழகான படம் பார்த்தால் போதும் என்றிருந்தேன். உங்களுக்கு அழகான படம் என்றாலே ஆகாது.

“இதப் பாரு செல்வி. இந்தப் படத்துல ஜன்னல் வழியா சூரியன் உதிக்குது.”

“ஆமாங்கக்கா, எவ்வளவு நல்லா இருக்குது.”

“அடுத்த படம் பாரு. அதே ஜன்னல். அதே திரைச்சீலை. இதுல சூரியன் மறையுது. காலைல ஒரு பக்கம், சாயங்காலம் இன்னொரு பக்கம் வூட்டத் திருப்பி வெப்பானுங்களா?”

இன்னொரு விடுதியை வந்து தங்கியவர்கள் எல்லாரும் புகழ்ந்திருந்தார்கள். நீங்கள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “எல்லாரும் ‘மனதுக்கு இதமான சூழல்’னு எழுதியிருக்காங்க. ஊரு பூராவுக்கும் ஒரே மனசா?” என்று தள்ளிவிட்டீர்கள். மூன்றாவது இடத்துக்கு நீங்களே பேசினீர்கள். அந்தப் பக்கத்தில் தேன் ஒழுகும் குரல், வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

“கடல் தெரியுமாங்க?”

“சீ வியூ ரூம்தான் மேடம்.”

“படுத்துக்கிட்டுப் பாத்தா தெரியுமா, உக்காந்து பாத்தா தெரியுமா, இல்ல மொட்டை மாடில ஏறி எக்கிப் பாத்தாதான் தெரியுமா?”

தேன் வற்றிவிட்டது. நீங்கள் வெற்றியோடு என்னைப் பார்த்தீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். இவ்வளவு சந்தேகப்படுகிற ஒருவரோடு போனால் எங்கும் ஏமாற மாட்டேன் என்ற நிம்மதியும் வந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. பாதுகாப்பான, நல்ல விடுதிகளையும் நீங்கள் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். “துறைமுகம் இருக்கற ஊரா இருக்கணும். மீன்காரங்க வூடு கடலுக்குப் பக்கத்துலயே இருக்கணும்” என்றீர்கள். ஏனென்று கேட்டேன். “படகு பாக்கலாம்ல” என்றீர்கள். இத்தனை வருடத்தில் படகைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

கடைசியில் கிடைத்தது அந்த மாடி அறை. அதற்கு இருந்தது ஒரே ஒரு படம். நீலச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி, சுருட்டி வைத்த பாய். கடலே இல்லை. நீங்கள் அழைத்தீர்கள், பேச்சு எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தீர்கள். எடுத்தது வீட்டுக்கார அம்மா அஞ்சலை.

“ரூமு இருக்கும்மா. ஆனா மீன் வாசம் அடிக்கும். விடிகாலையில ஏலம் போடுற சத்தத்துல தூங்க முடியாது. ஏசி கெடையாது. நல்ல தண்ணி வண்டில வந்தாத்தான். எல்லாத்தையும் யோசிச்சுட்டு வாங்க. வந்துட்டு மூஞ்சியச் சுளிக்காதீங்க.”

உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. செல்பேசியைக் கையால் மூடிக்கொண்டு, “கொறைய மொதல்லயே சொல்றா பாரு. இவதான்” என்று என்னிடம் கிசுகிசுத்தீர்கள். அதோடு முடித்திருக்கலாம். கையை எடுத்துவிட்டு, “உங்க வூடு யாரு பேர்ல இருக்குது? பட்டா இருக்குதுங்களா?” என்று கேட்டீர்கள்.

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ கூவுவது மட்டும் கேட்டது.

“எதுக்குக் கேக்குறீங்க?”

“சும்மாதாங்க.”

இரண்டு நாள் தங்கப் போகிற மாடி அறைக்குப் பட்டா எதற்கு என்று உங்களிடம் கேட்டேன். “ஏமாத்துக்காரி வூட்டுல போயி எறங்கிடக் கூடாதுல்ல” என்றீர்கள். உங்களைத் தெரிந்தவர்கள் நம்பக்கூடிய பதில்தான். நானும் நம்பினேன், மனதின் ஓர் ஓரத்தைத் தவிர.

ஊர்ப் பேர் சொல்லாமல், கடல் என்று மட்டும் சொல்லி வீட்டில் ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினேன். சேலத்தில் வண்டி மாறி, நாள் முழுக்கப் பயணம் செய்து அந்த ஊரில் இறங்கியபோது சாயங்கால வெயில். துறைமுகம் என்றதும் நான் பெரிய கப்பல்களை எதிர்பார்த்திருந்தேன். ஓர் ஆற்று வாய், கருங்கல் கொட்டிய கரை, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும் படகுகள், ஏலம் போடும் ஒரு கொட்டகை, ஐஸ் உடைக்கும் சத்தம். அதைத் தாண்டி மணல்மேட்டில் நெருக்கமாக வீடுகள். வீடுகளுக்கும் அலைக்கும் நடுவில் அகலமாக ஒரு வெறும் மணல்வெளி. அதில் வலை விரித்திருந்தார்கள், மீன் காய்ந்துகொண்டிருந்தது.

அஞ்சலைக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கொண்டு போய் விற்பவர். மகன் வெளிநாட்டில். அவனுக்காகக் கட்டிய மாடி அறையைத்தான் வாடகைக்கு விட்டிருந்தார். நம் ஆதார் அட்டைகளை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் டீச்சரா?”

“ஆமாங்க.”

“தர்மபுரின்னா மலைப் பக்கம்ல? அங்கேருந்து இந்த ஊரு எப்படித் தெரியும்?”

“போன்ல பாத்தங்க.”

“இந்தக் கரையில இதவிட நல்ல எடமா எவ்வளவோ இருக்கே. எங்க வூட்ட ஏன் எடுத்தீங்க?”

அதே கேள்வியைத்தான் நானும் பல நாளாக மனதில் வைத்திருந்தேன். நீங்கள் அறை ஜன்னலைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தீர்கள். அஞ்சலை அதையும் பார்த்தார்.

மறுநாள் காலை நாம் கரைக்குப் போனோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். முழங்கால் வரை தண்ணீர் ஏறியதும் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்களைக் கூப்பிடத் திரும்பினேன். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். வீடுகளை, சந்துகளை, அந்த மணல்வெளியை, அதன் ஓரத்தில் போகும் தார்ச்சாலையை. இவ்வளவு தூரம் வந்து கடலை எடுக்காதவர் அந்தக் கரையில் நீங்கள் ஒருவர்தான்.

“அக்கா, தண்ணிக்கு வாங்க. இந்தப் பக்கம் பாருங்க.”

வந்தீர்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் பின்வாங்கி, அடுத்த அலைக்கு அதைவிட முன்னால் போய் நின்றீர்கள். ஓர் அலை இடுப்பு வரை நனைத்தபோது, “அய்யய்யோ, இது என்னாடி இது!” என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினீர்கள். உங்கள் செல்பேசியை வாங்கி அந்த நேரத்தில் நான் ஒரு படம் எடுத்தேன். நனைந்த புடவை, வாய் முழுக்கச் சிரிப்பு, கலைந்த நரைமுடி. பள்ளியில் யாரிடமாவது காட்டினால் கணக்கு டீச்சர் என்று சொல்லவே மாட்டார்கள்.

திரும்பி வரும்போது வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் நின்றீர்கள். “இந்த மணல் எடமெல்லாம் ஊர்ப் பொதுங்களா, இல்ல தனித்தனிப் பேர்ல இருக்குதுங்களா?” அவர் கை நின்றது. உங்களைப் பார்த்தார். எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். “எதுக்குங்கக்கா இதெல்லாம்?” “தெரிஞ்சுக்கலாம்னுதான்” என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு உங்கள் தம்பியின் நினைப்பு வந்தது, அக்கா. அது வந்ததும் கடல் சத்தம் கேட்பது நின்றுபோன மாதிரி இருந்தது. பள்ளியில் ஒருமுறை அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. “இப்ப நெலமெல்லாம் கடல் பக்கம்தான் டீச்சர், இங்க ஒண்ணுமில்ல.”

வீட்டுக்கு வந்தால் நம் பைகள் இரண்டும் மாடிப்படியின் கீழே இருந்தன. அஞ்சலை படியில் உட்கார்ந்திருந்தார்.

“பஞ்சாயத்தார் கூப்புடுறாங்க. ரெண்டு பேரும் வாங்க.”

கொட்டகையில் ஏலம் முடிந்து ஈரத் தரை மட்டும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் கவிழ்த்த ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். வலை பின்னியவரும் இருந்தார். சுற்றிப் பெண்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெரியவர் நிதானமாகப் பேசினார். “போன வருசம் ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க. வடக்குத் தெருவுல தங்குனாங்க. கடல் பாக்க வந்தோம்னாங்க. நல்ல மாதிரியா பேசுனாங்க, எங்க வூட்டுலயே சோறு தின்னாங்க. யாரு எடம், என்னா பட்டான்னு சும்மாதான் கேட்டாங்க. அவங்க போனதும் வடக்கால கரையில வேலி போட்டுட்டாங்க. அந்தப் பக்கத்துப் படகெல்லாம் இப்ப இங்கதான் கெடக்கு. மீனு காயவைக்க எடமில்லாம சண்டை போட்டுக்குறோம். நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. யாரும்மா நீங்க?”

நான் வாயைத் திறந்தேன். பள்ளி, பாடம், விடுமுறை என்று ஏதேதோ உளறினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் உங்கள்மேல்தான்.

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினீர்கள். இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்தும் என்னிடம் சொல்லாததை அந்த அந்நிய ஜனங்களிடம் சொன்னீர்கள்.

“எங்களுக்கு ரோட்டு ஓரத்துல நெலம் இருந்துச்சுங்க. மானாவாரிதான். ராகி, அவரை போடுவோம். ஓரத்துல நாலு மாமரம். நான் காலேஜ் படிக்கறப்ப ஒருத்தர் வந்தாரு. மாங்காய்க் குத்தகைக்கு வந்தேன்னாரு. நல்ல மனுசன். எங்க அப்பாவ அண்ணான்னு கூப்புடுவாரு. எங்கம்மா கையில மோர் வாங்கிக் குடிச்சாரு. அப்பப்ப வருவாரு, வந்து பேசிக்கிட்டிருப்பாரு. யாரு பேர்ல இருக்குதுண்ணா, பங்காளிங்க எத்தன பேருண்ணான்னு சும்மா கேப்பாரு. அப்பாவும் வெள்ளந்தியா எல்லாத்தையும் சொன்னாரு. ரோடு பெருசாகப் போகுதுன்னு அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குது. எங்களுக்குத் தெரியல. வந்த வெலைக்கு எழுதிக் குடுத்துட்டோம். இப்ப அந்த எடத்துல பெரிய ஓட்டல் இருக்குது. எங்கப்பா சாகற வரைக்கும் பஸ்ல அந்தப் பக்கமா போறப்ப கண்ண மூடிக்குவாரு.”

கொட்டகையில் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது.

நீங்கள் செல்பேசியைத் திறந்து அஞ்சலையிடம் நீட்டினீர்கள். “உங்க ஊரு படம் எல்லாம் இதுல இருக்குது. நீங்களே அழிச்சிருங்க.”

அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு படமாக எடுத்து, பெரியவருக்கும் காட்டி, அழித்தார். வீடுகள் போயின. சந்து போயிற்று. மணல்வெளி, சாலை, கொட்டகை எல்லாம் போயின. ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. நான் எடுத்த படம்.

“இது உங்க படம். தண்ணில நிக்கிறீங்க. நல்லா இருக்கு. இருக்கட்டுமா?”

நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்ததே அப்போதுதான். உங்கள் முகம் ஒரு கணம் இளகியது.

“பின்னால வூடுங்க தெரியுது. அழிச்சிருங்க.”

நான், “அக்கா, அது ஒண்ணு மட்டும்” என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். அழிந்தது.

பெரியவர் எழுந்து, “காலையில மொத வண்டிக்குக் கெளம்பிருங்க” என்று மட்டும் சொன்னார். நம்பியதாகவும் சொல்லவில்லை, நம்பாததாகவும் சொல்லவில்லை. அஞ்சலை நம் பைகளைத் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். நாம் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். காவலுக்கு நின்றாரா உபசரிக்க நின்றாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காலையில் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். வண்டி திரும்பி வருவது தெரிந்ததும் உங்கள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “நேத்து நீங்க சொன்ன கதை நெசந்தான். அது கண்ணுல தெரிஞ்சிச்சு. ஆனா நீங்க வந்த சங்கதி வேற.”

நீங்கள் மறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்தீர்கள். அவர் கையைக் கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை.

ஊர் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தேன். அதன் பிறகுதான் கேட்டேன். “தம்பிக்காகத்தானேக்கா வந்தீங்க?”

நீங்கள் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். “ஆமாம். கடலுக்குப் போறேன்னு சொன்னேன். போறதுதான் போற, துறைமுகம் இருக்கற ஊரா பாத்துப் போ, எடமெல்லாம் யாரு பேர்ல இருக்குதுன்னு விசாரிச்சுட்டு நாலு போட்டோ எடுத்துட்டு வா, டீச்சர் கேட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னான். சரின்னுட்டேன். அவங்கிட்ட நான் எதுக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல.”

“உங்க அப்பாவுக்கு நடந்தது தெரிஞ்சுமாக்கா?”

“அந்தாளு வந்து மோர் குடிச்சதெல்லாம் நாங்க ரெண்டு பேருந்தான் பாத்தோம். எனக்குப் பயம் வந்துச்சு, அவனுக்குத் தொழில் வந்துச்சு. அங்க நின்னு பேசறப்பதான், அந்தாளு மாதிரியே நானும் ‘சும்மாதாங்க’ன்னு சொன்னது எனக்கு ஒறைச்சுது.”

சேலத்தில் டீ குடிக்கும்போது, “ஊர்ப் பேர யாருகிட்டயும் சொல்லாத செல்வி. உங்க வூட்டுக்காரர்கிட்டயும் வேணாம். வாய விட்டுப் போன வார்த்த எங்க போயி சேரும்னு யாருக்கும் தெரியாது” என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் இருந்தது. என் விடுமுறையை வேவு பார்க்கப் பயன்படுத்திக்கொண்டீர்கள் என்ற கோபம். நான் எடுத்த படத்தை அழிக்கச் சொன்னீர்களே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தர்மபுரி வந்து இறங்கியபோதும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளி திறந்த முதல் நாள் எனக்கும் சேர்த்து அவரைப்பருப்புக் குழம்பு கொண்டுவந்து, மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தீர்கள். சாப்பிட்டேன். அதோடு கோபம் போயிற்று.

தம்பியிடம் என்ன சொன்னீர்கள் என்று பிறகு தெரிந்தது. வேறு ஏதோ ஊரில் ஒரு விடுதிப் பெயரைச் சொல்லி, மழை, வெளியே போகவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். மே மாதத்தில் மழை! கணக்கு டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. “அவன் நம்பலேன்னு எனக்குத் தெரியும்” என்றீர்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம், குளித்துவிட்டு வந்து நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது தம்பிதான். வழியிலேயே முடிந்துவிட்டது. மாலையோடு உங்களைப் பார்த்தபோது நான் தேடியது அந்தச் சிரிப்பை. சுவரில் மாட்டப் படம் கேட்டார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் ஆண்டு விழாப் படங்கள். எல்லாவற்றிலும் யாரையோ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

காரியத்தன்று சாப்பாடு முடிந்து கிளம்பும்போது தம்பி என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். மொட்டை அடித்திருந்தார், கண் வீங்கியிருந்தது.

“டீச்சர், அக்கா உங்க கூட ஒரு ஊருக்கு வந்துச்சே. என்கிட்ட வேற பேரு சொல்லுச்சு. அது பொய்யின்னு அப்பவே தெரியும். போயிட்டு வந்ததுல இருந்து அக்கா மாறிடுச்சு. என் வண்டில ஏறாது. பஸ்லயே போகும். அது எந்த ஊருங்க?”

“எதுக்குப்பா?”

“சும்மாதாங்க. அக்கா கடைசியா சந்தோசமா இருந்த எடம்னு அதோட மவ சொல்லுச்சு. ஒருவாட்டி போயி, அங்க நின்னு பாக்கணும்.”

அவர் அழுதார், அக்கா. உண்மையான அழுகை மாதிரிதான் இருந்தது. அன்றைக்கு மோர் குடித்த அந்த மனிதரும் உங்கள் அப்பாவை அண்ணா என்று உண்மையாகத்தான் கூப்பிட்டிருப்பாரோ என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. நீங்களாக இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டு அவரை ஒடித்துப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கேள்வி தெரியவில்லை.

“வழியில தூங்கிட்டேன்ப்பா. அக்காதான் டிக்கெட் எடுத்தாங்க. ஊர்ப் பேரு ஞாபகத்துல இல்ல” என்றேன்.

தமிழ் டீச்சருக்கும் பொய் சொல்ல வராது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது.

மறுநாள் அஞ்சலைக்குப் பேசினேன். எண் என்னிடம் இருந்தது. “அந்தப் பட்டா கேட்ட டீச்சரோட வந்தவங்க” என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். ஏலத்தின் கூச்சல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டத்தை விட்டு நகர்ந்து வந்திருப்பார் போல, பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது.

“அந்தப் படத்த நான் அழிச்சிருக்கக் கூடாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “யாரும் வரலம்மா. அவங்க எங்க ஊர யாருக்கும் காட்டிக் குடுக்கல. கரை அப்படியேதான் இருக்கு” என்றார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அறை இருக்கிறது என்றார். வைக்கப் போகும்போது, “தனியாத்தானே வருவீங்க?” என்று கேட்டார்.

தனியாகத்தான் வருவேன் என்று சொன்னேன். இந்த மே மாதம் போகிறேன். வீட்டில் ஊர்ப் பேர் கேட்டார்கள். பள்ளிக்கூட வேலை என்று சொல்லியிருக்கிறேன். என் மாமியார் மறுபடியும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தம்பி இப்போதும் மாதம் ஒருமுறை அழைக்கிறார். நலம் விசாரிப்பார், அக்கா வைத்த முருங்கை காய்த்திருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்பார். கடைசியில், “ஞாபகம் வந்துச்சுங்களா டீச்சர்?” என்று கேட்பார். அந்தக் குரலில் அக்காவை இழந்த தம்பி இருக்கிறாரா, மனை பார்க்கிறவர் இருக்கிறாரா என்று நான் ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்கிறேன். சில நாள் அவருக்கு அநியாயம் செய்கிறேன் என்று தூக்கம் வருவதில்லை. ஊர்ப் பேர் நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது.

“இன்னும் வரலப்பா” என்று சொல்லிவிட்டு, அதை விழுங்கிக்கொள்கிறேன், அக்கா.